குதிரைக்கு ஓர் உருவப்படம்



உருவப்படம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது மனித முகமேயாகும். அரசரும் அமைச்சரும் செல்வரும் பொருள் கொடுத்துத் தம்மை எழுதுவித்துச் சுவரில் மாட்டிவைத்தனர். அவர்தம் வீட்டு நாயும் குதிரையும் அப்படத்தின் ஒரு மூலையிலே இடம்பெற்றால் அதுவே அவற்றிற்குப் பெரும் பேறு. ஆயின், இலண்டன் மாநகரத்துத் தேசிய ஓவியக்கூடத்துக்குச் செல்வோர், அங்கே ஏறத்தாழ ஒன்பதரை அடி உயரமும் எட்டடி அகலமும் உடைய ஒரு பெரும் படத்தின் முன்னே தம்மையறியாமல் நின்றுவிடுகின்றனர். அதிலே மனிதர் எவருமிலர். சேணமில்லை, கடிவாளமில்லை; மரமில்லை, வானமில்லை, நிலமுமில்லை. மங்கிய பொன்னிறப் பரப்பொன்றிலே, செம்பழுப்பு உடலும் வெளிறிய பிடரிமயிருமுடைய ஓர் ஆண்குதிரை, பின்னங்கால்களை ஊன்றி முன்னங்கால்களை உயர்த்தி, தலையைச் சற்றே நம்பக்கந் திருப்பி நிற்கின்றது. உயிருள்ள குதிரையின் அளவுக்கு ஏறக்குறையச் சமமான அளவு. அதன் பெயர் விசில்ஜாக்கெற். அதனை 1762ஆம் ஆண்டளவில் எழுதியவர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஆங்கிலேயர்.

இவ்வோவியரைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன். மேனாட்டு ஓவியம் என்றால் இத்தாலியரையும் ஒல்லாந்தரையும் பிரெஞ்சுக்காரரையும் நாம் ஓரளவு அறிவோம். ஸ்டப்ஸின் பெயர் நம்மவரிடையே அத்துணை வழங்குவதில்லை. எனினும் அவருடைய படங்களுள் ஒன்றுக்கும் நம் தமிழகத்துச் சென்னைக் கோட்டைக்கும் நேரான தொடர்புண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஸ்டப்ஸ் 1724ஆம் ஆண்டு லிவர்பூல் துறைமுக நகரிலே பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுந் தொழிலாளர். மகனும் பதினைந்து பதினாறு வயதுவரை அத்தொழிலிலே தந்தைக்கு உதவினார். விலங்கின் தோல் எவ்வாறு உடலைப் போர்த்திருக்கிறது என்பதை அவர் முதலிற் கற்ற பாடசாலை அதுவே எனலாம். தந்தையார் இறந்தபின், விண்ஸ்ரன்லி என்ற ஓர் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு இடப்பட்ட வேலை, ஒரு பிரபுவின் மாளிகையிலிருந்த பழைய படங்களைப் பார்த்து அப்படியே திரும்ப எழுதுவது. சில வாரங்களிலே ஆசிரியருக்கும் மாணவருக்கும் மனத்தாபம் உண்டாயிற்று. இனிப் பிறர் எழுதிய படத்தைப் பார்த்து எழுதுவதில்லை, இயற்கையையே பார்த்து எழுதுவேன் என்று அவ்விளைஞர் வெளியேறினார். அதன்பின் அவருக்கு ஓவிய ஆசிரியர் எவரும் வாய்த்திலர்.

முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையிலே காலங்கழித்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனமில்லை. நம் சித்திர வகுப்புகளிற் பெரும்பாலும் நடப்பதென்ன? ஆசிரியர் கரும்பலகையிலே ஒரு குதிரையை வரைவார். அதுவும் அவர் தம் ஆசிரியரிடங் கற்ற குதிரை. நாற்பது பிள்ளைகளும் அதனைப் பார்த்து நாற்பது குதிரை வரைவார்கள். எதற்கு அதிக மதிப்பெண்? கரும்பலகைக் குதிரைக்கு அண்மையில் நிற்கும் குதிரைக்கு. அதே பிள்ளைகள் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலே நாள்தோறும் காணும் பூனையையோ காகத்தையோ உற்றுநோக்கி ஒரு கோடு கிழிக்குமாறு நாம் சொல்வதில்லை. ஸ்டப்ஸ் நம்மிடம் மாணவராக வந்திருப்பின் முதலாந் தவணையிலேயே பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருப்போம்.

இளமையிலே அவர் யோர்க் நகரை அடைந்தார். அங்குள்ள வைத்தியசாலையில் மனித உடலின் அமைப்பைக் கற்றார்; கற்றதை மாணவர்களுக்கு எடுத்துரைக்கவுஞ் செய்தார். ஜோன் பேர்ட்டன் என்ற மருத்துவர் 1751இல் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவ நூலுக்கு உருவங்களை வரைந்து, செப்புத்தகட்டிலே தாமே செதுக்கிக் கொடுத்தார். 1754இல் உரோமாபுரிக்கும் சென்றுவந்தார். உரோமையின் பழஞ்சிற்பங்களைக் கண்டு மயங்காத ஓவியர் அக்காலத்தில் இல்லை. ஸ்டப்ஸோ, இயற்கையே கலையினும் மேலானது என்ற தம் எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொள்ளவே அங்குச் சென்றதாகப் பிற்காலத்திற் கூறினாராம்.

அவர் வாழ்விலே மிகக் கடினமான காலம் 1756ஆம் ஆண்டளவில் தொடங்கியது. லிங்கன்சயர் மாவட்டத்திலே ஹோக்ஸ்ரோ என்னுஞ் சிற்றூரில், ஊராரின் மூக்குக்கு எட்டாத தொலைவில் ஒரு பண்ணைவீட்டை வாடகைக்கு எடுத்தார். மேரி ஸ்பென்சர் என்ற பெண்மணி அவருடன் துணையாக இருந்தார். அங்கே பதினெட்டு மாத காலம் குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். இரத்தத்தை வடித்து, நாளங்களிலே உருக்கிய கொழுப்பைச் செலுத்தி, கூரையிலிருந்து தொங்கும் இரும்புக் கொக்கிகளிலே உடலை மாட்டி, நடந்துகொண்டிருக்குங் குதிரை நிற்பதுபோல் அதனை நிறுத்தினார். பின்னர்த் தோலை உரித்து, தசையைப் படலம் படலமாக நீக்கி, ஒவ்வொரு படலத்தையும் அளந்து வரைந்து குறிப்பெழுதி, ஈற்றில் எலும்புவரை சென்றார். ஒரே உடலை வைத்துப் பதினொரு வாரம்வரை வேலைசெய்ததும் உண்டு. அந்த நாற்றத்தையும் ஈக்களையும் நோய் அச்சத்தையும் நாம் ஊகிக்கலாம். நம்மிற் சைவ உணவினர் பலருக்கு இதனைக் கேட்கவே உடல் கூசும். எனக்கும் கூசுகிறது. எனினும், மருத்துவக் கல்லூரியில் நம் பிள்ளைகள் சேர்ந்த செய்தி வந்தால் அயலாருக்கெல்லாம் இனிப்பு வழங்கும் நாம், இதனை மட்டும் அருவருப்பது முறையன்று.

வரைபடங்களை எடுத்துக்கொண்டு இலண்டன் சென்றார். செப்புத்தகட்டிலே செதுக்கித் தருமாறு அங்குள்ள செதுக்குக் கலைஞரை வேண்டினார். குதிரையின் தசையையும் எலும்பையும் செதுக்க அவர்களுள் எவரும் உடன்பட்டிலர். ஆகவே பகலெல்லாம் ஓவியம் எழுதிப் பொருளீட்டி, காலையிலும் இரவிலும் தாமே தகடுகளைச் செதுக்கினார். ‘குதிரையின் உடலமைப்பு’ என்னும் அந்நூல் பதினெட்டுப் பெருந்தகடுகளுடன் 1766இல் வெளிவந்தது. அறுவை தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஓவியருக்கும் குதிரை மருத்துவருக்கும் ஒருங்கே பயன்பட்ட நூல் அது. அதற்கென அவர் எழுதிய மூல வரைபடங்களுட் பல இலண்டன் ரோயல் அக்கடமியிலே பேணப்படுகின்றன.

இவர் கல்வி எதற்குப் பயன்பட்டது என்பதை அறிய, அக்கால இங்கிலாந்தின் பிரபுக்களைச் சற்றே நோக்கவேண்டும். குதிரைப் பந்தயம் அவர்களுக்குக் களியாட்டம் மட்டுமன்று, குலப்பெருமை. குதிரைக்கும் அவர்கள் வமிசாவளி எழுதிவைத்தனர். இன்று உலகெங்கும் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி, கீழ்த்திசையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று ஆண்குதிரைகளிற் சென்று முடிகிறது. அவற்றுள் ஒன்று கொடொல்ஃபின் அராபியன். அதன் மகனுக்கு ‘மொகல்’ என்று பெயர். அந்த மொகலின் மகனே 1749இற் பிறந்த விசில்ஜாக்கெற். அராபியக் குதிரைகள் நம்மவருக்கும் புதியனவல்ல. பாண்டிய நாட்டுக் காயற்றுறையிலே கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கிய செய்தியை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்; அவற்றைப் பேணத் தெரியாமல் ஆண்டுதோறும் சாகவிட்டனர் என்றும் குறைகூறுகிறார். அரசன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கத் துறைமுகஞ் சென்ற அமைச்சரே நம் மாணிக்கவாசகர். ஒரே பாலைநிலத்துக் குதிரை, கிழக்கே வந்து மதுரையரசனின் பொற்பணத்தைக் கரைத்தது. மேற்கே சென்று நியூமார்க்கெற் பந்தயத் திடலை உண்டாக்கியது.

கொழும்பு வாசிகளுக்கும் இதனை விளக்கவேண்டியதில்லை. பிரித்தானியர் முதலிற் காலிமுகத் திடலிலே பந்தயம் நடத்தினர். 1893இற் கறுவாத்தோட்டத்திலே தனித் திடல் அமைத்தனர். 1942இல் அதே திடலிலிருந்து போர் விமானங்கள் எழுந்தன. இன்று அங்கே விளையாட்டரங்கமும் கடைகளும் உள்ளன. நெடுந்தீவின் வெளிகளிலே திரியும் மட்டக்குதிரைகளோ பந்தயமும் பரிசும் அறியாதவை.

விசில்ஜாக்கெற் பல பந்தயங்களில் ஓடிற்று. யோர்க் நகரிலே 1759 ஓகஸ்ற் மாதத்தில் இரண்டாயிரங் கினிப் பணயத்துக்கு நான்கு மைல் ஓடி, புரூட்டஸ் என்ற குதிரையை வென்றதே அதன் பெருவெற்றி. அதன் உடைமையாளர் ரொக்கிங்ஹாம் பிரபு. 1765இல் இங்கிலாந்தின் முதலமைச்சரானவர். அவர் 1762இல் ஸ்டப்ஸைத் தம் மாளிகைக்கு அழைத்துப் பல படங்களை எழுதுவித்தார்.

இப்படத்தின் வெறும் பின்புலத்தைப் பற்றிக் கதைகள் பல உள. குதிரைமீது மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை வேறோர் ஓவியர் எழுதுவதாக இருந்தது. பிரபு அரசியலில் மன்னருடன் முரண்பட்டதால் குதிரையுடன் படம் நின்றுவிட்டது என்பது ஒன்று. மற்றது இன்னுஞ் சுவையானது. படம் முடியுந் தறுவாயிற் குதிரைக்காரன் விசில்ஜாக்கெற்றை அவ்வழியே நடத்திவந்தானாம். சுவரிற் சாய்த்திருந்த தன் உருவத்தைக் கண்ட குதிரை, தன்னோடு போரிட வந்த வேறொரு குதிரையென எண்ணிப் பாய்ந்ததாம். ஸ்டப்ஸ் தம் வண்ணப்பலகையாலும் கைக்கோலாலும் அதனை அடித்து விரட்டினாராம். அதைக் கண்ட பிரபு, இதற்குமேல் ஒரு புள்ளியும் வைக்கவேண்டாம் என்று கூறிவிட்டாராம். கதை நல்ல கதைதான். ஆனால் அதே பிரபுவுக்காக, தாய்க்குதிரைகளும் குட்டிகளும் வரிசையாய் நிற்கும் படமொன்றையும் இவ்வாறே வெறும் பின்புலத்தில் ஸ்டப்ஸ் எழுதியிருக்கிறார். ஆகவே இது குறைப்படமன்று. எண்ணித் துணிந்த செயல் என்று ஆராய்ச்சியாளர் கருதுவதே பொருத்தமாகும். பின்னங்குளம்புகளின் அடியில் இரண்டு சிறு நிழல்கள் மட்டும் எழுதப்பட்டுள்ளன. குதிரையைத் தாங்குவதற்கு அவையே போதுமாயிருக்கின்றன.

சீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தைக் கண்டவர்கள், இப்படத்தைப் பார்க்கும்பொழுது அங்குள்ள கற்குதிரைகளை நினைக்காமலிரார். அவையும் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்பவையே. ஸ்டப்ஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முற்பட்டவை. ஆயின் அவற்றின்மேல் வீரர் இருக்கின்றனர். கீழே வேலும் வாளும், குத்துண்டு விழும் விலங்கும் இருக்கின்றன. குதிரை அங்கே வெற்றியின் கருவி. நம் ஐயனார் கோயில் மண்குதிரையோ தெய்வத்தின் ஊர்தி. இரண்டும் பெருமையுடையனவே. எனினும் இரண்டிலும் குதிரை பிறர்பொருட்டு நிற்கிறது. விசில்ஜாக்கெற் எவர்பொருட்டும் நிற்கவில்லை. அதன் கழுத்து நரம்பு, நெஞ்சின் தசை மடிப்பு, கண்ணின் வெள்விழியிலே தெரியும் மருட்சி ஆகியவை ஹோக்ஸ்ரோ வீட்டுப் பதினெட்டு மாதத்தை நமக்கு நினைவூட்டுகின்றன. கற்குதிரையே எனக்கு நெருங்கியது என்பதை மறைக்கமாட்டேன்; பழக்கத்தை விடுவது எளிதன்று. ஆனால் ஓர் உயிரினை அதற்காகவே மதித்து நோக்கும் நோக்கு இந்த ஆங்கிலேயரிடமே தெளிவாகக் காணப்படுகிறது.

அவருடைய அறிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. நாலுகாற் பாய்ச்சலில் ஓடுங் குதிரையை எழுதுங்கால், முன்கால் இரண்டையும் முன்னேயும் பின்கால் இரண்டையும் பின்னேயும் நீட்டி, அந்தரத்திற் பறப்பதாகவே அவரும் எழுதினார். குதிரை அவ்வாறு ஓடுவதேயில்லை என்பது 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் அமெரிக்காவிலே எடுத்த ஒளிப்படங்களால் வெளியாயிற்று. இறந்த உடல் கற்பிக்கக்கூடிய அனைத்தையும் ஸ்டப்ஸ் கற்றிருந்தார். ஓட்டத்தை அது கற்பிக்கவில்லை.

அவர் எழுதிய பந்தயக் குதிரைப் படங்களுள் எல்லாவற்றினும் என் மனத்தை வருத்துவது விசில்ஜாக்கெற் அன்று. எழுபத்தைந்தாவது வயதில் அவர் எழுதி 1800இற் காட்சிக்கு வைத்த ஹம்பிள்ரோனியன் என்ற குதிரையின் படம். அக்குதிரை 1799இல் நியூமார்க்கெற்றில், மூவாயிரங் கினிப் பணயத்துக்கு டயமண்ட் என்ற குதிரையுடன் ஓடி அரைக்கழுத்து வித்தியாசத்தில் வென்றது. அவ்வெற்றிக்காக இரு குதிரைகளும் சவுக்காலும் முள்ளாலும் இரக்கமின்றி வதைக்கப்பட்டன. உடைமையாளர் வெற்றிப் படம் கேட்டார். ஸ்டப்ஸ் பந்தயத்தை எழுதவில்லை. பந்தயம் முடிந்தபின், வாய் திறந்து, காதுகள் மடங்கி, களைத்து நிற்குங் குதிரையை எழுதினார். ஒருவன் கடிவாளத்தைப் பற்றியிருக்கிறான்; இலாயத்துப் பையன் துடைக்குந் துணியோடு குதிரையை அணைத்தாற்போல நிற்கிறான். இருவரும் நம்மை நேரே பார்க்கின்றனர். வென்ற பிரபு படத்திலே இல்லை. அவர் பணங்கொடுக்க மறுத்தார். முதிய ஓவியர் வழக்குத் தொடுத்து வெற்றிபெற்றே தம் கூலியைப் பெற்றார்.

‘குதிரைப் படம் எழுதுபவர்’ என்ற பட்டம் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. புராண வரலாற்றுக் காட்சிகளே உயர்ந்த ஓவியம், விலங்கை எழுதுவது தாழ்ந்த வேலை என்பது அக்காலக் கலையறிஞர் கொள்கை. 1781இல் அவரை ரோயல் அக்கடமியின் முழு உறுப்பினராகத் தெரிந்தனர். விதிப்படி கொடுக்கவேண்டிய படத்தை அவர் கொடுக்கவில்லை; ஆகவே அப்பதவி கைகூடவில்லை. 1806இல் இறந்தார். அப்பொழுதும், மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றின் உடலமைப்பையும் ஒப்புநோக்கும் நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர் புகழ் இருபதாம் நூற்றாண்டிலேயே தலைநிமிர்ந்தது. தேசிய ஓவியக்கூடம் விசில்ஜாக்கெற்றை 1997இற் பதினொரு மில்லியன் பவுண் கொடுத்து வாங்கிற்று.

இனிச் சென்னைத் தொடர்பைச் சொல்கிறேன். 1755 முதல் 1763 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்தவர் ஜோர்ஜ் பிகொட். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இன் இறுதியில் அக்கோட்டையை முற்றுகையிட்டபொழுது அதனைக் காத்தவர் அவரே. தாயகம் மீண்டபின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு அவர் ஒரு காணிக்கை அளித்தார். அது பொன்னன்று, முத்தன்று. வேட்டைக்குப் பழக்கிய ஒரு சிவிங்கி. அதனைப் பேண இந்தியர் இருவரும் உடன் சென்றிருந்தனர். சிவிங்கி எவ்வாறு வேட்டையாடும் என்று காண விரும்பி, 1764 ஜூன் 30ஆம் நாள் வின்சர்ப் பெருந்தோட்டத்திலே வேலிகட்டி, ஒரு கலைமானின் முன் அதனை விட்டனர். நடந்தது எவரும் எதிர்பாராதது. மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்தது, சிவிங்கி பின்வாங்கியது, மீண்டும் முயன்று மீண்டும் தோற்றது. பின்னர் வேலியைக் கடந்தோடி வெளியே வேறொரு சிறு மானைக் கொன்றது. இந்தியர் இருவரும் ஓடிப்போய் அதனைப் பிடித்துக் கட்டினர்.

இக்காட்சியைப் பிகொட் ஸ்டப்ஸைக் கொண்டு எழுதுவித்தார். ஆனால் தோல்வி அப்படத்தில் இல்லை. வேட்டைக்கு முந்திய கணமே எழுதப்பட்டிருக்கிறது. சிவிங்கியின் கண்ணை மூடியிருந்த சிவப்பு முகமூடி மேலே தள்ளப்பட்டிருக்கிறது. வெள்ளாடை உடுத்த ஒருவன் அதன் உடலைப் பிடித்து நிறுத்துகிறான். மற்றவன் கைநீட்டி மானைச் சுட்டுகிறான். மான் எதுவும் விளங்காததுபோல் நிற்கிறது. பின்னே தெரியும் குன்றும் பாறையும் வின்சரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

இப்படத்திலே இரண்டு செய்திகள் நம் கருத்துக்குரியன. ஒன்று, அந்தச் சிவிங்கி. இந்திய நிலத்திலே அவ்வினம் அற்றுப்போயிற்று என்று 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் ஆபிரிக்காவிலிருந்து சில சிவிங்கிகளைக் கொணர்ந்து மத்தியப் பிரதேசத்துக் குனோக் காட்டிலே விட்டனர். ஆயினும் அவை வேறு வகையைச் சேர்ந்தவை. ஆசியச் சிவிங்கி இன்று ஈரானிலே மிகச் சில மட்டுமே எஞ்சியுள்ளது. நம் பக்கத்து விலங்கொன்றின் மெய்யான மேனியையும் தோளின் அமைப்பையும் காண, இருநூற்றறுபது ஆண்டுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் எழுதிய படத்தை நாடவேண்டியவர்களாயிருக்கிறோம்.

மற்றது, அவ்விருவர். ஸ்டப்ஸ் அவர்களை நகைப்புக்குரியவராகவோ பேய்த்தோற்றத்தினராகவோ எழுதவில்லை. அக்காலத்தில் அவ்வாறு எழுதியோர் பலர். இவரோ, குதிரைக்காரரை எழுதியபொழுது காட்டிய அதே அமைதியான மதிப்போடு, தொழில் தெரிந்த இரு மனிதராக எழுதினார்; விலங்கின்மேல் வைத்த கையிலே அத்தொழிலறிவு தெரிகிறது. ஆயினும் பெயரைப் பாருங்கள். பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. அதன் தந்தைக்கும் பாட்டனுக்கும் பெயருண்டு. ரொக்கிங்ஹாம் பிரபுவின் குதிரைக்காரன் சைமன் கொப் என்பவன்கூடப் படமொன்றின் தலைப்பிலே இடம்பெற்றிருக்கிறான். 1765ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இப்படத்துக்கு இடப்பட்ட பெயர் ‘ஒரு வேட்டைப் புலியின் உருவப்படம்’ என்பதே. பின்னாளிலே ‘சிவிங்கியும் மானும் இரண்டு இந்தியரும்’ என்றாயிற்று. கடல் கடந்து அவ்விலங்கைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், தலைப்பிலே வெறும் எண்ணிக்கையாக நிற்கின்றனர்.

பிகொட் மறுமுறையும் சென்னைக்கு ஆளுநராக 1775இல் வந்தார். ஆர்க்காட்டு நவாபின் கையிலிருந்த தஞ்சையை அதன் அரசர் துளஜாவுக்கு 1776இல் மீட்டுக்கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கும்பனியாரும் அவர்களைச் சார்ந்தோரும் சினங்கொண்டனர். அவருடைய ஆலோசனைச் சபையினரே அவரைச் சிறைப்படுத்தினர். 1777 மே மாதத்திற் காவலிலிருந்தவாறே சென்னையில் இறந்தார். சிவிங்கியின் படம் மட்டும் அவர் குடும்பத்தாரிடம் இருநூறு ஆண்டுக்கு மேலாக இருந்து, 1970இல் மன்செஸ்டர் நகர ஓவியக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று கல்விக்காகவும் தொழிலுக்காகவும் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றனர். வெள்ளவத்தையிலிருந்து அவர்களைப் பார்க்கச் செல்லும் தாய்தந்தையர், ஒரு பிற்பகலை அந்தக் கூடத்துக்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.